நடிப்பா இந்த வலி?

இடுப்பு வலி என்று சொல்லி ஒரு நாள் விடுப்புக் கேட்கும் தொழிலாளியைப் பார்த்து மேஸ்திரி சிரிக்கின்ற சிரிப்பை நம்மில் அறியாதார் யார்? எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு சாட்சி சொல்லும். காய்ச்சல் என்றால் வெப்பமானி சாட்சி சொல்லும். வலிக்கு மட்டும் வெளிச்சாட்சி கிடையாது. வலிக்கிறவன் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியத்தை ஏற்பதா, தள்ளுவதா என்பதோ, கேட்பவனுடைய பணப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் முடிவாகிறது.

மூன்று மாதத்துக்கு மேலும் தீராமல் நிற்கிற வலியை, அல்லது தீர்ந்தது போல் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப வருகிற வலியை, நாட்பட்ட வலி என்கிறார்கள் மருத்துவர்கள். இடுப்பு வலி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே, 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61 கோடியே 90 இலட்சம் பேர் அதனால் அவதிப்பட்டார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாத்திரை, ஊசி, தைலம், பெல்ட்டு எல்லாம் பார்த்தாகிவிட்ட பிறகு ஒரு நாள் மருத்துவர், "மனோதத்துவ நிபுணர் ஒருவரையும் பாருங்களேன்" என்று சொல்கிறார். உடனே நம் தோழருக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. "எனக்கென்ன பைத்தியமா? நான் நடிக்கிறேன் என்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்.

அந்தக் கோபம் தவறு என்று எடுத்த எடுப்பில் தீர்ப்புக் கூற நாம் தயாராயில்லை. அந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுவோம்.

இங்கிலாந்திலே இரயில் வண்டிகள் பெருகிய காலம். வண்டிகள் பெருகியது போலவே விபத்துகளும் பெருகின. விபத்திலே எலும்பு முறியாமல், வெளியே பெரிய காயமும் இல்லாமல் எழுந்து வந்த பலர், சில நாளோ சில வாரமோ கழித்து முதுகு வலியிலும் உறக்கமின்மையிலும் உடல் நடுக்கத்திலும் விழுந்தார்கள். அந்த நோய்க்கு "இரயில்வே முதுகு" என்றே பெயர் வந்துவிட்டது! நட்ட ஈடு கேட்டு நீதிமன்றப் படி ஏறினார்கள். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன், முதுகுத் தண்டு அதிர்ந்ததால் வந்த நோய் இது என்று 1866இல் நூல் எழுதினார். கம்பெனிகளுக்கு இது பிடிக்குமா? 1883இல் ஹெர்பர்ட் பேஜ் என்ற மருத்துவர் எதிர் நூல் எழுதினார். தண்டிலே சேதம் ஏதும் காணோம், அச்சமும் மன அதிர்ச்சியுமே காரணம், நட்ட ஈட்டு ஆசையும் நோயை வளர்க்கிறது என்பது அவர் கட்சி. அந்தப் பேஜ் யார் தெரியுமா? லண்டன் வடமேற்கு இரயில்வே கம்பெனியின் அறுவை மருத்துவர்!

1961இல் ஹென்றி மில்லர் என்ற ஆங்கில நரம்பு மருத்துவர் அதே பாட்டை இன்னும் உரக்கப் பாடினார். விபத்துக்குப் பிறகு வலி, தலைசுற்றல் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள், வழக்கு முடிந்து பணம் கைக்கு வந்ததும் குணமாகிவிடுகிறார்கள் என்றார். கம்பெனிகளின் வழக்கறிஞர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன வேண்டும்? பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள், வழக்கு முடிந்த தொழிலாளரைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். பணம் வாங்கிய பிறகும் பலருக்கு வலி இருந்தது. பலர் வேலைக்குத் திரும்ப முடியாமலே இருந்தார்கள். ஆனால் அதற்குள் எத்தனை பேருடைய ஈட்டுத் தொகையில் கத்தரி விழுந்ததோ!

ஆகவே, "உன் வலிக்கும் உன் மனத்துக்கும் தொடர்பு உண்டு" என்று ஒருவர் சொன்னால் தொழிலாளி சந்தேகப்படுவது நியாயமே. அந்தச் சொல் அவன் கூலியைக் குறைக்கப் பயன்பட்ட சொல். ஆனால் ஒன்று. ஒரு கத்தியைத் திருடன் எடுத்துக்கொண்டு போனான் என்பதற்காக அறுவை மருத்துவர் கத்தியைத் தொடக்கூடாது என்று சொல்லுவோமா? பேஜ் சொன்னதிலே பாதி உண்மை இருந்தது என்பதுதான் வேடிக்கை. மனம் வலியைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். அந்த உண்மையிலிருந்து "ஆகவே வலி பொய்" என்ற முடிவுக்குத் தாவினார்களே, அங்கேதான் புரட்டு.

போர்க்களத்திலிருந்து ஒரு சான்று. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணிபுரிந்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், படுகாயம் பட்டு வந்த இருநூறுக்கு மேற்பட்ட சிப்பாய்களைக் கேட்டார்: "வலி தாங்க முடியவில்லையா? மருந்து வேண்டுமா?" நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள்! வயிறு கிழிந்தவனும், எலும்பு நொறுங்கியவனும் அதில் உண்டு. போர்முனையிலிருந்து உயிரோடு மீண்டோம், இனி வீடு போகலாம் என்ற நினைப்பு அவர்கள் வலியை அடக்கியிருக்கவேண்டும் என்று பீச்சர் கருதினார். 1946இல் இதை அவர் வெளியிட்டார்.

இதற்கு நேர் எதிரான சான்று ஒரு கட்டடத் தொழிலாளியினுடையது. 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த செய்தி. 29 வயது இளைஞர். கீழே குதித்தபோது 15 சென்டிமீட்டர் நீள ஆணி ஒன்று பூட்சைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி சற்று அசைந்தாலும் அலறினார். மயக்க மருந்து கொடுத்துத்தான் ஆணியை இழுத்தார்கள். பூட்சைக் கழற்றிப் பார்த்தால், ஆணி இரண்டு விரல்களுக்கு இடையே புகுந்து போயிருக்கிறது. காலில் ஒரு கீறல் கூட இல்லை! அந்த இளைஞர் நடித்தாரா? இல்லவே இல்லை. அவர் பட்டது மெய்யான வலி. ஆபத்து வந்துவிட்டது என்று மூளை முடிவு கட்டியது, வலி பிறந்தது.

இது எப்படி நடக்கிறது? 1965இல் கனடா நாட்டு மனோதத்துவ அறிஞர் ரொனால்ட் மெல்ஸாக்கும், இங்கிலாந்தில் பிறந்த பாட்ரிக் வாலும் ஒரு விளக்கம் தந்தார்கள். ஆலை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் செய்தி கொண்டு வருகிற நரம்புகள் முதுகுத் தண்டிலே வந்து கூடுகின்றன. அங்கே ஒரு வாயில் இருக்கிறது. வருகிற எல்லாச் செய்தியும் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. முழங்கால் இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோமே, அந்தத் தொடு உணர்ச்சி போய் வாயிலைச் சற்றுச் சாத்துகிறது, வலி குறைகிறது. அதே போல மேலே மூளையிலிருந்தும் வாயிலுக்கு உத்தரவு இறங்கி வருகிறது. அச்சம், கவலை, தூக்கமின்மை இவை வாயிலை அகலத் திறந்துவிடுகின்றன. தெம்பும் நம்பிக்கையும் வேறு வேலையில் கவனமும் அதைச் சாத்துகின்றன. விவரங்களில் சில பிற்பாடு திருத்தப்பட்டன என்றாலும், மூளையிலிருந்து கீழே உத்தரவு வருகிறது என்ற அடிப்படை நிலைத்து நிற்கிறது. நாட்பட்ட வலியிலே இன்னொரு கேடும் சேர்கிறது. மாதக் கணக்கில் அடித்து அடித்து, அந்த நரம்புப் பாதையே கூர்மை ஏறிப் போகிறது. புண் ஆறிய பிறகும் அபாயச் சங்கு நிற்காமல் ஊதுகிறது.

இந்த அறிவை மருத்துவமனைக்குள் கொண்டு வந்த வரலாற்றிலே, நம் தோழர்கள் அறிந்துகொள்ளவேண்டிய ஒருவர் இருக்கிறார். ஜான் பொனிகா. 1917இல் சிசிலியை அடுத்த ஒரு சின்னஞ்சிறு தீவில் பிறந்தவர். சிறுவனாக நியூயார்க் வந்து, பூட்சுக்குப் பாலிஷ் போட்டும், பத்திரிகை விற்றும், காய்கனி விற்றும் வளர்ந்தவர். மருத்துவம் படிக்கப் பணம் வேண்டுமே? மல்யுத்தக் கொட்டகையில் இறங்கினார்! மருத்துவரான பிறகும் முகமூடி போட்டுக்கொண்டு மல்லுக்கு நின்றார். அந்த அடிகளின் பலனை, வலியாக, வாழ்நாள் முழுவதும் தம் உடம்பிலேயே சுமந்தார்.

போர்க்காலத்தில் வாஷிங்டன் மாநிலத்து மாடிகன் இராணுவ மருத்துவமனையில் மயக்க மருந்துப் பிரிவுக்குத் தலைவரானார். அங்கே அவரைத் திகைக்க வைத்தது, காயம் ஆறியும் வலி ஆறாத சிப்பாய்கள். நரம்பு மருத்துவர் ஒன்று சொன்னார், எலும்பு மருத்துவர் ஒன்று சொன்னார், மனநோய் மருத்துவர் வேறொன்று சொன்னார். நோயாளியோ ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினான். இவர்கள் அனைவரையும் ஒரே இடத்தில் உட்கார்த்தி, ஒரு நோயாளியைப் பற்றி எல்லாருமாகப் பேச வைத்தால் என்ன என்று எண்ணினார் பொனிகா. 1953இல் வலி பற்றிய மாபெரும் நூலை வெளியிட்டார். 1960இல் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில், பல துறையினரும் சேர்ந்து இயங்கும் வலி மருத்துவ நிலையத்தை அமைத்தார். 1973இல் அவர் அந்நகருக்கு அருகே கூட்டிய மாநாட்டிலிருந்துதான் வலி ஆராய்ச்சிக்கான உலகச் சங்கம் பிறந்தது.

அதே பல்கலைக் கழகத்தில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்றொரு மனோதத்துவ நிபுணர் இருந்தார். அவர் செய்தது மிகச் சாதாரணமான காரியம் போலத் தோன்றும். வார்டிலே என்ன நடக்கிறது என்று கவனித்தார். வலிக்கிறது என்று முனகினால் மாத்திரை வருகிறது, நர்ஸ் வருகிறார், மனைவி ஓடி வருகிறார், வேலையிலிருந்து ஓய்வும் வருகிறது. எழுந்து நான்கு அடி நடந்தால்? யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்படியே மாதங்கள் ஓடினால், நோயாளி அறியாமலே அவன் உடம்பு படுக்கைக்குப் பழகிவிடாதா? இதை அவர் தலைகீழாக மாற்றினார். மருந்தை வலி வந்தபோது தராமல் கடிகாரம் பார்த்துத் தந்தார். அளவை மெல்லக் குறைத்தார். நடையை, வலி வரும் வரை என்று விடாமல், இன்று இத்தனை அடி, நாளை இத்தனை அடி என்று கணக்கு வகுத்தார். கணக்கை முடித்ததும் ஓய்வும் பாராட்டும். 1976இல் இம்முறையை நூலாக்கினார். வலியை மறைத்துக்கொள்ளத்தானே பழக்குகிறீர்கள் என்று அவரைக் கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே நமக்கும் படுகிறது. அதனால்தான் பின்னால் வந்தவர்கள், நோயாளி என்ன செய்கிறான் என்பதோடு நிற்காமல், என்ன நினைக்கிறான், எதற்கு அஞ்சுகிறான் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்று அந்த அறைக்குள்ளே நடப்பது என்ன? மந்திரமில்லை, தாயத்தில்லை, "எல்லாம் நல்லபடி ஆகும்" என்ற வெற்று உபதேசமும் இல்லை. மூட்டை தூக்கும் ஒருவனை எடுத்துக்கொள்வோம். வலி குறைந்த நாளில், விட்டுப்போன நான்கு நாள் வேலையையும் ஒரே நாளில் இழுத்துப் போடுகிறான். மறுநாள் பாயோடு பாயாகிறான். அடுத்த மூன்று நாளும் எழுவதில்லை. எழும்போது உடம்பு முன்னைவிடச் சோர்ந்திருக்கிறது. இந்தச் சக்கரத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டி, நல்ல நாளிலும் அளவோடு, கெட்ட நாளிலும் அளவோடு என்று வேலையைப் பங்கிடப் பழக்குகிறார்கள்.

அடுத்தது அச்சம். படம் எடுத்துப் பார்த்து "டிஸ்க் தேய்ந்திருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார்கள். அன்றிரவே அவன் மனத்தில் கட்டில், கடன், பெண்ணின் கலியாணம், பையனின் படிப்பு எல்லாம் ஊர்வலம் வருகின்றன. குனிந்தால் முறிந்துவிடும் என்று குனிவதையே விட்டுவிடுகிறான். குனியாத இடுப்பு இறுகுகிறது. இறுகிய இடுப்பு மேலும் வலிக்கிறது. அவனிடம் யாரும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. முதுகு வலியே இல்லாத 3,110 பேருடைய படங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்வு இருந்தது! 80 வயதினரில் 96 விழுக்காடு. நரை விழுவது போல அதுவும் ஒன்று என்று தெரிந்தால் பாதி அச்சம் போகும். மீதி அச்சம் பேச்சால் போகாது. சிகிச்சையாளர் பக்கத்தில் நிற்க, குனிந்து ஒரு வாளியைத் தூக்கிப் பார்த்தால்தான் போகும். அதையும் செய்ய வைக்கிறார்கள். உறக்கத்துக்கு வழி, மூச்சை நிதானப்படுத்தித் தசையைத் தளர்த்தும் பயிற்சி, வலி முழுதும் போகட்டும் என்று காத்திராமல் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வரை போய்வரும் துணிவு, இவையெல்லாம் அந்தச் சிகிச்சையிலே அடக்கம்.

பலன் எவ்வளவு? மிகைப்படுத்த நமக்கு விருப்பமில்லை. 2020இல் 75 ஆராய்ச்சிகளை, 9,400 பேரின் அனுபவத்தை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சையால் வலியிலும், இயலாமையிலும், மனவேதனையிலும் குறைவு ஏற்படுகிறது. ஆனால் சராசரியாகப் பார்த்தால் அது சிறிய குறைவுதான் என்று கண்டார்கள். 2021இல் அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆராய்ச்சி இதைவிடப் பெரிய பலனைக் காட்டியது. நாட்பட்ட முதுகு வலிக்காரர் 151 பேர். வலி என்பது மூளையின் தவறான அபாய மணி என்று உணர்த்தி, அச்சத்தைப் போக்கும் சிகிச்சையை நான்கு வாரம் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர் வலியே இல்லை, அல்லது ஏறக்குறைய இல்லை என்றார்கள். வழக்கமான மருத்துவத்தோடு நின்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 10 விழுக்காடு. இது ஒரே ஓர் ஆராய்ச்சி; அதில் கலந்தவர்கள் பெரும்பாலும் நன்கு படித்தவர்கள், ஓடியாடித் திரிகிறவர்கள். துறைமுகத்துக்கும் செங்கற்சூளைக்கும் அதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லமாட்டோம்.

சிறிய பலன்தானே, அதற்கு மாத்திரையே மேல் என்பாருக்கு அமெரிக்காவைக் காட்டுகிறோம். பர்டியூ என்ற கம்பெனி 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற அபின் இன மாத்திரையைச் சந்தைக்கு அனுப்பியது. பழக்கமாகிவிடும் ஆபத்துக் குறைவு என்று சொல்லி விற்றது. சுரங்கத்திலும் ஆலையிலும் முதுகு ஒடிந்தவர்கள் வாங்கி விழுங்கினார்கள். வலியோடு போனவர்கள் அடிமைகளாகத் திரும்பினார்கள். பலர் திரும்பவே இல்லை. 2007இல் அக்கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதிகாரிகள் கட்டியதையும் சேர்த்து, 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. இங்கிலாந்திலோ 2021இல் வெளியான அரசு வழிகாட்டு நெறி, தெளிவான காரணம் தென்படாத நாட்பட்ட வலிக்குப் புதிதாகப் பாராசிட்டமாலையோ அபின் இன மருந்தையோ தொடங்கவேண்டாம் என்று கூறி, உடற்பயிற்சி, மனோதத்துவச் சிகிச்சை, மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது.

உடம்பைப் பார்க்காமலே மனத்துக்கு அனுப்புவது மோசடி என்பதையும் அழுத்திச் சொல்கிறோம். முதுகு வலியோடு கால் மரத்துப் போவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் உடல் மெலிவது, இவற்றில் ஏதொன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும். வேறு மருத்துவம் எடுத்துக்கொண்டிருப்பவர் அதைத் தம் விருப்பத்துக்கு நிறுத்திவிடவும் கூடாது.

முதலாளி தரப்பிலே இந்தக் கட்டுரையை யாராவது படித்து, "பார்த்தாயா, எல்லாம் மனசுதான், மூட்டையைத் தூக்கு" என்று கிளம்பினால், அவருக்கும் பதில் வைத்திருக்கிறோம். ஒரு ஆள் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போனால் அதைக் குறைக்க விரைந்து வழி செய்யவேண்டும் என்று 1967இலேயே உலகத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்துவிட்டது. அந்தச் சுமையை எந்த மனோதத்துவமும் இலேசாக்கிவிடாது. சுமையைக் குறைப்பது ஒரு வேலை. ஏற்கெனவே நொந்த முதுகைத் தேற்றுவது இன்னொரு வேலை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க விடமாட்டோம்.

"கூலி வேலைக்காரன் இதற்கெல்லாம் எங்கே போவான்? நிபுணருக்குக் கொடுக்கப் பணமேது, நேரமேது?" இந்தக் கேள்விக்கும் இங்கிலாந்திலே ஒரு விடை கிடைத்திருக்கிறது. முதுகு வலிக்காரர் 701 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2010இல் வெளிவந்தது. வட்டார மருத்துவ நிலையங்களிலேயே நடந்தது. தனித்தனியாக ஒரு முறை பேசினார்கள். பிறகு ஒரு குழுவாக உட்கார வைத்து ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். நடத்தியவர்கள் எல்லாரும் மனோதத்துவ நிபுணர்கள் அல்லர். குறுகிய பயிற்சி பெற்ற நர்சுகளும் உடற்பயிற்சி மருத்துவர்களும் அதில் இருந்தார்கள். ஓர் ஆண்டு கழித்தும், அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாக இருந்தார்கள். செலவும் கட்டுப்படியாகக் கூடியதே. ஓர் அறை, பத்து நாற்காலி, பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், வாரத்தில் ஒரு மாலை. தொழிலாளருக்கான மருத்துவமனைகளிலே இதைக் கேட்கப் போகும் சங்கத் தோழர்கள், அந்த மாலை நேரத்துக்குக் கூலி பிடிக்கக்கூடாது என்பதையும் கோரிக்கை மனுவில் சேர்த்தே எழுதவேண்டும்.